மேவிஸ் டைரீன் என்னும் குட்டிப் பூ

மேவிஸ் டைரீன் முதல் தடவை தூங்கிப்போனது நவம்பர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கும்போது. விழித்தது அடுத்த மே மாதம், முதல் பெருமழைக்கு மறுநாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவள், "அடுப்புல தண்ணி கொதிச்சிருக்கும், பாரு லெஸ்" என்றாள். அந்தப் பாத்திரத்தை அவள் கணவர் லெஸ் டைரீன் நவம்பரிலேயே இறக்கிவைத்துவிட்டார். பூமியின் கீழ்ப்பாதியில், டிசம்பரில் கோடை வரும் ஒரு தீவு அது; அங்கே ஹ்யூவான் ஆற்றங்கரையில் அந்த நவம்பரில் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். பிறகு செர்ரி பறிப்பு வந்துவிட்டது, அவரவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் மட்டும் மாதம் ஒரு முறை வந்து நாடி பார்த்தார். நிமிடத்துக்கு ஆறு. "உடம்புல ஒரு குறையும் இல்ல, ஓய்வெடுக்கறாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு கப் டீ குடித்துவிட்டுப் போவார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு ஆல்ஃப் வூலி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "உன் பாத்தியில அவ பேர் வச்ச செடி இருக்கே, அதுல இலை என்னிக்குப் பழுத்துச்சு?" என்று கேட்டார். லெஸ் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நவம்பர் பன்னிரண்டு என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது.

லெஸ் முப்பது வருஷமாக வீட்டுத் தோட்டத்தில் குட்டி டாஃபடில் என்ற கிழங்குப் பூச்செடி வளர்ப்பவர். ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாத செடி. ஐம்பது சென்ட் காசை முன்னால் பிடித்தால் பூ மறைந்துவிட வேண்டும், அதற்கு மேல் பெரிதானால் கண்காட்சி மேசையில் நடுவர் தூக்கி எறிந்துவிடுவார். மேவிஸின் புருவம் திருத்தும் இடுக்கியால் மகரந்தம் எடுத்து, இரண்டு பூக்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து, விதை போட்டு, ஆறு வருஷம் காத்திருந்து அவர் பெற்ற மஞ்சள் பூ ஒன்று ஆகஸ்ட் கண்காட்சியில் எல்லோர் வாயையும் அடைத்தது. அந்த வாரம்தான் அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாளும் வந்து போனது, லெஸ் அதைச் சுத்தமாக மறந்திருந்தார். மாட்டிக்கொண்டதும் பூவுக்கு அவள் பெயரை வைப்பதாகச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பி, உலகத்து டாஃபடில் பெயர்களையெல்லாம் எழுதிவைக்கிற பதிவேட்டுக்கு அனுப்பிவைத்தார். மேவிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு புது அடுப்பு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள். மனைவி தூங்கிப்போனபின், பெயரை நீக்கிவிடும்படி லெஸ் கெஞ்சி ஒரு கடிதம் எழுதினார். பதிவான பெயர் பதிவானதுதான், நீக்க வழியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் இலை பழுக்கும், மேவிஸ் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைப்பாள். லெஸ் கிழங்குகளைத் தோண்டி வெங்காய வலையில் போட்டுக் கொட்டகையில் தொங்கவிடுவார். அவளை வெயில் படாத தெற்குப் பக்கத்து அறையில், குளிர்ச்சியாக, காய்ந்த போர்வையில் படுக்கவைப்பார். தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. ஒரு நர்ஸ் பாவப்பட்டு ஈரத்துணியால் அவளுக்கு முகம் துடைத்துவிட, அறையெல்லாம் பூஞ்சண வாடை அடித்தது. அதற்குப் பிறகு நர்ஸை அவர் வாசலோடு அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை இறைச்சியும் செர்ரியும் எதிரே வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். சொன்னால் என்ன, அந்த மாதங்களில் அவர் அழுதிருக்கிறார். மேவிஸின் அக்கா ஜனவரியில் இறந்தாள். அந்தச் செய்தியை மே மாதம் வரை நெஞ்சுக்குள் வைத்திருந்து சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குப் பன்னிரண்டு வயது கூடியது, அவளுக்கு ஆறு. அவளைத் தம்பி மகள் என்று நினைத்துக் கடைக்காரர் ஒருமுறை பேசிவிட்டார். லெஸ் வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவரை அரித்த இன்னொரு விஷயமும் உண்டு. நான்காவது வருஷத்திலிருந்து மேவிஸ் எழுந்ததும் முதல் வேலையாக, "ஆல்ஃப் வீட்டுத் தண்ணித் தொட்டிக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, ஒரு வாஷர் போடச் சொல்லு" என்பாள். தொட்டி இருப்பது ஆல்ஃப் வீட்டுப் பின்புறம். இங்கிருந்து தெரியாது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க லெஸுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேலியை ஓர் அடி உயர்த்திக் கட்டினார்.

இந்தத் தொழிலில் எழுதாத வழக்கம் ஒன்று இருக்கிறது. நல்ல செடி கிடைத்தால் இரண்டு மூன்று கிழங்கை நண்பர்களுக்குக் கொடுத்துவைக்க வேண்டும். நம் பாத்தியில் அழிந்தால் அவர்களிடம் போய் வாங்கிக்கொள்ளலாம். லெஸ் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஆல்ஃப் மூன்று முறை கேட்டும், "பெருகட்டும், பார்க்கலாம்" என்றே சொன்னார். கண்காட்சி மேசையில் அந்தப் பூ தன்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற ஆசை. பெயருக்கு உரியவளின் உயிர் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. கைமாறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் என்று அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது கோடையில் மூன்று வாரம் விடாமல் மழை பெய்தது. கொட்டகைச் சுவர் வியர்த்தது. வலையில் முப்பத்தெட்டுக் கிழங்குகள் இருந்தன. லெஸ் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கனிந்த பேரிக்காய் மாதிரி விரல் உள்ளே போனது. நல்லதைப் பிரித்துவைத்தார், மறுநாள் அதுவும் அழுகியிருந்தது. அறையில் மேவிஸின் நாடி ஐந்தானது, மூன்றானது. அடுப்புக் கதகதப்பில் காயவைத்தார், சாம்பலில் புரட்டினார், தெரிந்த மருந்தையெல்லாம் தூவினார். பிப்ரவரி மூன்றாம் தேதி கடைசிக் கிழங்கையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடி நின்றுவிட்டது என்றே நினைத்தார். ஒரு நிமிடம் கழித்து ஒரே ஒரு துடிப்பு வந்தது. இன்னொரு நிமிடத்துக்குப் பிறகு இன்னொன்று.

எழுந்து போய் ஆல்ஃப் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். கேட்பதற்கு ஒன்றுமில்லை, சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. "எல்லாம் போச்சு ஆல்ஃப். ஒண்ணு மிச்சமில்ல. ஆனா அவ இன்னும் இருக்கா. எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னே தெரியல."

ஆல்ஃப் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லணும். அடிக்கிறதுன்னா அப்புறமா அடி. எட்டு வருஷம் முன்னாடி நீ கிழங்கு தோண்டும்போது கூட நின்னேன் இல்ல? நீ டீ குடிக்க உள்ள போனே. நான் ஒண்ணை பூட்ஸுக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"நொண்டிக்கிட்டுப் போனியே அன்னிக்கு. கால்ல ஆணின்னு சொன்னே."

"நீ வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னே."

"திருட்டு நாயே" என்றார் லெஸ். பிறகு ஆல்ஃபின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கூரை மறைவில், பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பழைய ரொட்டி டின்னில் மழை படாமல் பதினோரு கிழங்குகள் கல் மாதிரி உறுதியாக இருந்தன. பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேவிஸ் இந்தச் சொட்டைக் கேட்டது இந்த டின்னிலிருந்துதான் என்று லெஸுக்கு அப்போது விளங்கியது. பிறகு வீட்டுக்குப் போய் ஒரு வாஷர் எடுத்துவந்து போட்டுவிட்டு, வேலியையும் ஓர் அடி இறக்கினார்.

அந்த மே மாதம் மேவிஸ் எழுந்தாள், முன்பைவிட மெலிந்து. அதன் பிறகு லெஸ் தலைகீழாக மாறிவிட்டார். கிழங்கு பெருகப் பெருக, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கொடுத்தார். ராஸ் ஊரில் ஒரு ரொட்டிக் கடைக்காரர், லான்செஸ்டன் ஊரில் இரண்டு ஆசிரியைகள் என்று தீவு முழுக்க நாற்பது தோட்டங்கள். இனி எந்த மழையும் அவளை முழுதாகக் கொண்டுபோக முடியாது. ஆனால் குளிர்காலத்தில் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கும்போதே அவள் பாதிப் பேச்சில் நின்றுவிடுவாள். "ராஸ்ல உறைபனி" என்பாள். "லான்செஸ்டன்ல ஒரு நாய் தினமும் என் மேல காலைத் தூக்குது. டீச்சர்கிட்ட சொல்லி வை." எட்டு வருஷம் ஆல்ஃபோடு பங்கு போட்டவளை இப்போது நாற்பது வீட்டாரோடு பங்கு போட வேண்டியிருந்தது. லெஸ் டீச்சருக்குக் கடிதம் எழுதினார்.

பூமியின் மேல்பாதியில், வேல்ஸில், அவரோடு இருபது வருஷமாகக் கடிதத்தில் பழகிய மிசஸ் பென்ரி இருந்தாள். அங்கே போகிற கிழங்கு ஒன்றிரண்டு வருஷம் குழம்பிவிட்டு அந்த ஊர்ப் பருவத்துக்குத் திரும்பிக்கொள்ளும். இங்கே தூங்கும் மாதங்களில் அங்கே வளரும். லெஸ் இரண்டு கிழங்கை அனுப்பினார். எதற்கு என்று மேவிஸிடம் சொல்லவில்லை. மூன்றாம் நவம்பரில் இலை பழுத்து அவள் தூங்கிப்போனபோது, வேல்ஸில் அந்த இரண்டு கிழங்கும் முளைவிட்டதால், அவளுடைய இடது கை மட்டும் விழித்துக்கொண்டது. மே மாதம் அவள் எழுந்ததும் அது மரத்துத் தொங்கியது. குளிர்காலம் முழுக்க ஒற்றைக் கையால் சமைத்தாள்.

"இன்னும் இருபது கிழங்கு அனுப்பினா முகமும் வந்துரும்" என்றார் லெஸ் மெதுவாக.

"வந்துட்டு? குளிர்காலத்துல மூஞ்சி இல்லாம உன் எதிர்ல உக்காரவா? ஒரு பாதியை வெட்டி இன்னொரு பாதியில ஒட்டாதே. இருக்கறது அவ்வளவுதான், லெஸ்."

அவர் அதற்குப் பிறகு எதையும் வடக்கே அனுப்பவில்லை. இப்போது அவருக்கு எண்பத்தொன்று. நவம்பர் பிறந்தால் நாற்காலியைத் தெற்கு அறைக்கு இழுத்துக்கொண்டு போவார். வேல்ஸில் வானம் எப்படி என்று அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பனி விழுந்தால் விரல் சில்லிட்டிருக்கும், அவர் தேய்த்துவிடுவார். இந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலையில் தோட்டத்துப் பட்டாணியைப் பறித்து ஒரு கிண்ணத்தில் போட்டுப் போர்வை மேல் வைத்தார். கை தடவிப் பார்த்து ஒரு காயை எடுத்தது, கட்டைவிரலால் பிளந்தது, மணிகளைக் கிண்ணத்தில் உதிர்த்தது. லெஸ் சொத்தையைப் பொறுக்கி எறிந்துகொண்டே அடுத்த காயை அதன் பக்கம் நகர்த்திவைத்தார்.