பிரிக்காத கட்டு

ஐம்பத்திரண்டு வயதாகி மீசை நரைத்த பிறகும் சந்தையில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். மூன்றாவது கடையில் கீரை விற்கிறவன். தையல்காரி அக்கா தூரத்திலிருந்தே அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் கீரைக் கட்டை முகர்ந்து, உதறி, நடுவில் விரலை விட்டுத் துழாவுவார்கள். அக்கா மட்டும், "என் தம்பி கட்டினதுல என்னத்தப் பாக்கிறது" என்று அப்படியே பையில் போட்டுக்கொள்வாள்.

பார்க்க வேண்டியது இருக்கத்தான் செய்தது. மாலையில் விற்காமல் தேங்கியதை எல்லாம் சேர்த்து அவன் கதம்பக் கட்டு போடுவான். வெளியே நாலு பச்சைக் கொத்தமல்லி, உள்ளே வாடினது, நட்டநடுவில் கனத்துக்கு வெங்காயத்தாள். சூப்புக்கு வாங்குகிறவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அக்காவுக்காவது நல்லதாகப் பார்த்துக் கட்டினான் என்று சொல்ல ஆசைதான். எல்லா நாளும் அப்படி இல்லை.

அக்காவுக்குக் கண்புரை. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், தன் முயலைக் கூண்டோடு கொண்டுவந்து அவன் வீட்டில் வைத்தாள். பொத்தான் என்று பெயர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போன வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான். ஒரு மூட்டை காய்ந்த புல்லும் நாலாக மடித்த ஒரு தாளும் கூடவே வந்தன. என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

தம்பிக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் கீரையில் புரளுகிறவனுக்குக் கீரைப் பாடமா? சரி சரி என்று தலையாட்டி, தாளைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசுக்கு அடியில் செருகினான். தராசு ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது; அதற்கு அந்தத் தாள் சரியாக இருந்தது.

இரண்டு நாளும் மீந்த கதம்பக் கட்டையும் கோஸின் மேல் இலைகளையும் பொத்தானுக்குப் போட்டான். புல் மூட்டையை அவிழ்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை முயல் மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. எதையும் தொடவில்லை, கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. அள்ளிக்கொண்டு ஓடினான்.

கால்நடை மருத்துவர் அவன் கடையில் வாடிக்கையாக வாங்குகிற அம்மாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தம்பி ஒளிக்காமல் சொன்னான். வெங்காயத்தாள் என்றதும் அவர் முகம் மாறியது.

"கீரை விக்கிறவர் நீங்க. இத யாரு கொடுக்கச் சொன்னது?"

காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவனிடம் வாங்குகிறவர்கள். அந்த ஒரு நொடியில் நாக்கு தானாகப் புரண்டது.

"அக்கா எழுதிக் கொடுத்தாங்க டாக்டர். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

ஊசி, மருந்து, ஐந்து நாள் அலைச்சல் என்று எப்படியோ பொத்தான் பிழைத்துக்கொண்டது. தம்பியும் தப்பித்துவிட்டதாக நினைத்தான்.

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இரண்டு நாள் முன்பு முயலைத் திரும்ப வாங்கிக்கொண்டு காட்டப் போன இடத்தில் டாக்டர் எல்லாம் சொல்லியிருந்தார். பார்வை மங்கின நேரத்தில் எழுதியது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று ஆறுதலும் சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அதைச் சட்டை செய்யவில்லை.

"உன்னையும் அலைய விட்டுட்டேன்டா. கூடாதுங்கிற பக்கம் எழுத வேண்டியதைக் கொடுன்னு எழுதிட்டேன் போல. அந்த வாயில்லா ஜீவன நானே கொல்லப் பாத்திருக்கேன்."

இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தம்பி குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டுகளை மறுபடி அடுக்கினான்.

"அந்தத் தாளைக் கொடு. என்னதான் கிறுக்கி வச்சேன்னு பாக்கிறேன்."

தராசைத் தூக்கி எடுத்துக் கொடுத்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது. அக்கா பிரித்தாள். தையல் குறிக்கும் தடித்த பென்சிலில், கோடு விலகாமலிருக்க ஸ்கேலை வைத்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் தழை கொஞ்சம். புல் எப்போதும் இருக்கணும். கோஸ் வேண்டாம். கடைசியில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு: வெங்காயத்தாள் கூடவே கூடாது.

அக்கா இரண்டு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

"நல்லாத்தானே எழுதியிருக்கேன்."

"ஆமாக்கா," என்றான் தம்பி. நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் படிக்கல. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தாள். பொத்தானுக்கு ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டும் என்றாள். அவன் இருப்பதிலேயே நல்லதாகத் தேடி, வேரை நறுக்கி, கட்டி நீட்டினான். அதில் ஒரு வாடிய இலைகூட இல்லை.

அக்கா வாங்கிக்கொண்டாள். பிறகு தராசுக்குப் பக்கத்தில் வைத்து, நூலை அவிழ்த்து, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாகப் பார்த்தாள்.