சேற்றில் இறங்கிய விடுமுறை

இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள், விடுமுறைக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: ஐந்து நாளும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். ஆகவே படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற, வாடகைக்கு எடுத்த கேரவனை அவளுடைய கணவர் ஓட்டினார். பல்செட் செய்கிற கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, கடுகளவு மேட்டைக்கூடத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்கிற மனிதர். அந்த நிதானத்தை அப்படியே சாலைக்கும் கொண்டுவந்துவிட்டார். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து அவர்களை முந்திக்கொண்டு போனது.

"அண்ணா, ரோட்டோரம் பூத்திருக்கிற மரமெல்லாம் காய்க்கிறதுக்குள்ள போய்ச் சேந்துடுவோமா?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை.

அவள் பிரசவ வார்டில் மூத்த நர்ஸ். சின்ன உடம்புக்காரி என்பதால் வீட்டில் எல்லாருக்கும் சிட்டு. "இந்த அஞ்சு நாள் ஒரு அழுகைச் சத்தம் என் காதுல விழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், கையோடு ஒரு அட்டவணையும் எழுதி வந்திருந்தாள். அருவி, கோட்டை, படகுத்துறை, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு டீ என்பது வரைக்கும்.

"சிட்டு, நான் நாப்பத்தோரு ஸ்டாப்புல மணி பாத்து நின்னு நின்னு நொந்து போனவ. லீவுலயும் டைம்டேபிளா?"

"இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் தூங்கியே அஞ்சு நாளையும் தீத்துடுவீங்க அண்ணி."

வண்டிகளை நிறுத்த இடம் கொடுக்கிற ஒரு ஆட்டுப் பண்ணையில், பூத்துக் குலுங்கிய பழத்தோட்டத்தை ஒட்டிய புல்வெளியில் அன்று மாலை தங்கினார்கள். இரவில் நல்ல மழை. காலையில் அருவிக்குக் கிளம்பலாம் என்று வண்டியைக் கிளப்பினால், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சேறு தெறித்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மூன்று துண்டுகளும் ஒரே நிறமாயின.

"மெதுவா மிதிங்க. வீல நேரா வைங்க. ஐயோ, அப்படி இல்லங்க!" மனைவி கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு வெளியே நின்று கத்தினாள்.

"நீதான் வண்டியத் தொட மாட்டேன்னியே!"

"தொட மாட்டேன்னுதான் சொன்னேன். பேச மாட்டேன்னா சொன்னேன்?"

சக்கரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அவரைக் காவலுக்கு விட்டுவிட்டு, அண்ணியும் நாத்தனாரும் டிராக்டர் கேட்கப் பண்ணைக் கொட்டகைக்கு நடந்தார்கள். அங்கே பண்ணைக்காரர் வைக்கோலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு செம்மறி படுத்து முனகிக்கொண்டிருந்தது.

"டிராக்டர் தர்றேம்மா. ஆனா இப்ப இத விட்டு நகர முடியாது. விடிஞ்சதுலேந்து முக்குது. குட்டியோட முன்னங்கால் ஒண்ணு பின்னால மடங்கிக் கெடக்கு. டாக்டர் வர ரெண்டு மணி நேரமாகுமாம். என் கையப் பாருங்க." முறம் மாதிரி விரிந்த இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சிட்டு ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள். "சோப்பு, வெந்நீர் கொண்டாங்க. அண்ணி, தலையப் பிடிங்க."

"எனக்கு ஆடெல்லாம் பழக்கமில்லடி!"

"அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு ஆட்டப் பிடிக்கத் தெரியாதா?"

அவள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிட்டுவின் சின்னக் கை மெல்ல உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு, விரல்களாலேயே பார்த்தாள். வார்டில் பேசுகிற அதே குரல்: "இதோ ஆச்சு ராஜாத்தி... கொஞ்சம் பொறு... இப்ப முக்காத." குட்டியைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி முன்னால் கொண்டுவந்தாள். "இப்ப முக்கு!"

வழுவழுவென்று வந்து விழுந்த குட்டி அசையவில்லை. பண்ணைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிட்டு அதன் வாயைத் துடைத்து, வைக்கோலால் விலாவைப் பரபரவென்று தேய்த்து, ஒரு துரும்பை மூக்கில் விட்டுக் குடைந்தாள். குட்டி ஒரு தும்மல் போட்டது. அப்புறம் மெலிசாக ஒரு "மே".

"அழுதுட்டான்!" என்று சிட்டு போட்ட கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. அடுத்த பத்தாவது நிமிடம், யார் தயவும் இல்லாமல் இன்னொன்று தானாகவே வந்து இறங்கியது. அண்ணி, முழங்கை வரைக்கும் ஈரமாக இருந்த நாத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருட வேலையில் சிட்டு எத்தனை குழந்தைகளை இப்படி அழ வைத்திருப்பாள்! ஒருநாளும் அவள் வேலை செய்வதைப் பார்த்ததே இல்லை என்பது அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது.

பண்ணைக்காரர் கையோடு டிராக்டரைக் கொண்டுவந்தார். கேரவன் அருகே வந்தால், கணவர் சமையல் கரண்டியால் நான்கு சக்கரத்தைச் சுற்றியும் வாய்க்கால் வெட்டி, ஓரமெல்லாம் வழித்து, பல்செட்டுக்கு ஈறு கட்டின மாதிரி அழகாக வைத்திருந்தார். வண்டி மட்டும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"இழுத்துடலாங்களா?" என்றார் பண்ணைக்காரர்.

சிட்டு கேரவன் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். "எதுக்குங்க? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அருவி?" என்றார் அண்ணன்.

"அது எங்கயும் ஓடிடாது."

அப்புறம் அவர்கள் எங்கேயும் போகவில்லை. காலையில் பால் வந்தது, முட்டை வந்தது. சிட்டு மரத்தடியில் பத்து மணி வரைக்கும் தூங்கினாள். எழுந்தால் தலையெல்லாம் வெள்ளை இதழ். பேருந்து ஓட்டுகிறவள் புல்லில் காலை நீட்டிக்கொண்டு, மேகம் போவதை எந்தப் பொறுப்பும் இல்லாமல் பார்த்தாள். கணவர் ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஓடிவந்தார். "ஐயா, இதுக்கு மேல்வரிசையில முன்பல்லே இல்ல! வேணும்னா நான் ஒரு செட்..."

"எந்த ஆட்டுக்குமே கெடையாதுங்க" என்று பண்ணைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலை வரைக்கும் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் மேலுதட்டை உள்ளே மடித்துக் காட்டினார்.

ஐந்தாம் நாள் தரை காய்ந்துவிட்டது. டிராக்டர் ஒரே இழுப்பில் கேரவனைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தியது. நாற்காலிகளை மடித்து உள்ளே வைத்தாகிவிட்டது. சிட்டுவை மட்டும் காணோம். வயிறு பெருத்த இளஞ்செம்மறி ஒன்று படுத்திருந்த கொட்டகையிலிருந்து போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஆமா சிஸ்டர், இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும். ஒரு பிரசவம் இருக்கு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. யாருக்கா? வேண்டியவங்கதான். ஆமா, தலைப்பிரசவம். நான் இல்லன்னா பயந்துடுவா."

அவள் போனை வைப்பதற்குள் அண்ணனும் அண்ணியும் நாற்காலிகளை மறுபடியும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.