மூடிமேல் உட்கார்ந்தவள்

நாடகத்தில் எனக்குப் பயம் வேஷம், என் தம்பிக்கு மனிதன் வேஷம். ஒரு குறுநாவலை என் கணவர் நாடகமாக்கியிருந்தார். ஆசை, பொய், பயம் என்று அதில் குணங்கள்தான் ஆட்களாக நடமாடும். கடைசிக் காட்சியில் பயம் மனிதனைப் பெட்டிக்குள் தள்ளி, மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவன் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருப்பான். யாரும் திறக்கக் கூடாது. நீதியே அதில்தான் இருக்கிறது என்பார் இயக்குநரான என் வீட்டுக்காரர்.

தம்பிக்கு மூச்சிழுப்பு உண்டு. "மாமாகிட்ட சொல்லிடாதக்கா, வேஷத்தப் பிடுங்கிடுவாரு" என்று கெஞ்சினான். தட்டுவதே அவன் நடிப்பு என்பதால், ஆபத்துக்கு வேறு அடையாளம் வைத்துக்கொண்டோம். "மூச்சு முட்டுச்சுன்னா தட்டறத நிறுத்திடுவேன். நீ எழுந்துடு."

அரங்கேற்றத்தன்று மேடை சின்னதாக இருந்தது. இடம் போதாமல் பெட்டியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டார்கள். காற்றுத் துளைகள் பின்பலகையில் இருப்பது, மூடிமேல் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் பலமாகத் தட்டினான், பிறகு விட்டு விட்டு. அப்புறம் தட்டலே இல்லை. "நீ எனக்குச் சொந்தம். உன்னை விடமாட்டேன்" என்று வசனம் பேசியபடியே மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற கணவர், அப்படியே உட்கார் என்று கையைக் காட்டினார். முகமெல்லாம் பெருமை. சபையில் ஒரு இருமல்கூட இல்லை. ஒருவேளை சும்மா இளைப்பாறுகிறானோ? எழுந்தால் நாடகம் பாழ். பாவி நான், பயத்தின் வேஷம் கட்டிக்கொண்டு நிஜமாகவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு குதித்து இறங்கி மூடியைத் தூக்கினேன். தம்பி சுருண்டு கிடந்தான், உதடெல்லாம் நீலம். அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தேன். சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஒப்பனை அறையில் மருந்தை உறிஞ்சி அவன் முகத்தில் ரத்தம் திரும்பியதும், கணவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

"துளைய முன்பக்கம் போட்டுடலாம், விடு" என்றார். "ஆனா அந்த முடிவு இருக்கே, கதையிலயே இல்ல, பிரமாதம்! நாளைக்கும் அதே மாதிரி கடைசி நொடியில திற."

"சரி மாமா" என்றான் தம்பி, மூச்சை இழுத்து இழுத்து.

"நாளைக்கு நீங்க உள்ள படுங்க. நான் மேல உக்காந்துக்கறேன். கடைசி நொடி எதுன்னு நானே பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை.