வாசலில் அப்பா

கனகேஸ்வரி தாலிக்கொடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒப்பரேஷன் தியேட்டர் மேசையில் கிடந்தாள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் இதயம் அப்படியே நின்றுபோகலாம். அதனால் நினைவோடு இருக்கும்போதே தொடை வழியாகக் குழாய் செலுத்தி, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் மெஷினிடம் கொடுக்கவேண்டும். பிறகுதான் மயக்கம், பிறகுதான் நெஞ்சைத் திறப்பது; அதற்குக் கழுத்தில் கொடி இருக்கக்கூடாது. தொடை விறைக்க ஊசி போட்டாயிற்று. மெஷினும் தயார். மனுசிதான் தயாரில்லை.

கொடியைப் பிடுங்கினால் பிரஷர் ஏறி இரத்தக்குழாய் வெடித்துவிடும் என்று டொக்டர் சிங்களத்தில் சத்தம்போட, நேர்ஸ் டோரின் வெளியே ஓடிவந்து மகள் கௌரிக்குப் பச்சை அங்கியை மாட்டி உள்ளே இழுத்துப்போனாள்.

"நீங்களே சொல்லுங்க மகள். நாங்க சொன்னா அவங்க கேக்கிறாங்க இல்ல."

கௌரியின் அப்பா வரதராசாவை வெள்ளவத்தையில், வீட்டு வாசலில் வைத்து யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப்போய் ஒன்றரை வருடம். பொலிஸ் கைவிரித்தது. சொந்தக்காரர் திவசம் செய்யச் சொன்னார்கள், அவ்வளவு அக்கறை. கனகேஸ்வரி யாரையும் சட்டைசெய்யவில்லை. குளிக்கும்போதும் கொடி கழுத்தில்தான், விடிந்தால் நெற்றியில் பெரிய பொட்டு. கழற்றினால் அவரைத் தானே கொன்றதாகிவிடும் என்று நினைத்தாள். கௌரிக்கு அதில் எப்போதும் எரிச்சல். இன்றைக்குப் பயமும் சேர்ந்துகொண்டது.

"கழட்டமாட்டன் பிள்ளை. அவர் கட்டினது. அவர் இல்லாத நேரம் கழட்டினா என்ன அர்த்தம்?"

அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கௌரியின் வாயில் வந்தது பொய்தான்.

"அப்பா வந்திட்டார் அம்மா. விட்டிட்டாங்கள். கீழை கேற்றில அவரைச் செக் பண்ணிக்கொண்டு நிக்கிறாங்கள்."

"உண்மையாவோ?"

"ஓம். உங்களைக் கழட்டச் சொன்னவர். தானே திருப்பிப் போட்டுவிடுறாராம்."

கை தளர்ந்தது. ஒன்றரை வருடமாகக் காணாத சிரிப்பொன்று அந்த முகத்தில் வந்தது. கௌரி அதைப் பார்க்காமல் குனிந்தாள். கொடியைத் தலைவழியே எடுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

மறுநாள் பின்னேரம் எல்லாருக்கும் சந்தோசம். மெஷினைக் கழற்றியாயிற்று, இதயம் தானாகவே அடிக்கிறது என்றார் டொக்டர். டோரின் கௌரியின் தோளில் தட்டினாள். கௌரி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்; கொடி அதற்குள் இருந்தது. அம்மா பிழைக்கவேண்டும் என்று இரவெல்லாம் நேர்ந்தவளுக்கு, அவள் கண் விழிக்க இன்னும் கொஞ்சம் பிந்தக்கூடாதா என்றிருந்தது.

கனகேஸ்வரி கண் விழித்தாள். வாயில் குழாய், கதைக்க முடியாது. கையை மெல்ல உயர்த்தி வெறும் நெற்றியைத் தொட்டாள்.

"தலையிடிக்குதா அம்மா?" என்றாள் டோரின்.

கௌரிக்கு விளங்கிவிட்டது. தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை உரித்து அம்மாவுக்கு ஒட்டினாள். கனகேஸ்வரி கலைந்திருந்த மயிரைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.