மச்சினன் செய்த ஆம்ப்ளிஃபயர்

மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் முஸ்லிம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் தாவூதின் மைக் செட்டுதான் வரும். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று, பெரிய கூம்புக் குழாய்கள் இரண்டு. கரண்ட் இல்லாத வீடென்றால் லாரி பேட்டரியும் சேர்ந்து போகும். அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். பந்தலுக்குள் தாவூது நுழைந்தால் மாப்பிள்ளை வந்த மாதிரி எல்லோரும் வழி விடுவார்கள். அந்த மரியாதையில் ஊறிப்போனவன் அவன்.

அதில் பங்கு கேட்க வந்தவன் வெளியாள் இல்லை. மனைவி லதீஃபாவின் தம்பி சலாவுதீன். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்தான். கப்பல்காரன் ஒருவன் கழித்துவிட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப்போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எதையோ பற்றவைத்துக்கொண்டே இருப்பான். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் உருவாகிவிட்டது. டார்ச் லைட் செல்லிலேயே ஓடும். தேயிலைப் பெட்டிப் பலகையில் இரண்டு ஸ்பீக்கர் கூடு. பழைய டெலிபோனின் வாய்ப்பக்கம்தான் மைக். மொத்தத்தையும் ஒருவனே தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

முதல் நாள் மைக்கை அக்கா கையில்தான் கொடுத்தான். லதீஃபா தன் குரலைத் தானே கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, கேட்டீங்களா? என் சத்தம்!"

இத்தனை வருஷத்தில் தன் மைக்கை ஒருதரம்கூட அவளிடம் நீட்டியதில்லை என்பது தாவூதுக்கு அப்போதுதான் உறைத்தது. "கூட்டத்துக்கு நடுவுல வச்சா கொசு சத்தம்கூட இருக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அடுத்த மாதம் தாவூதின் மாமி சகீலாவின் மகன் மொய்துவுக்குக் கும்பளங்கியில் நிக்காஹ். பெண் வீட்டுக்கு வஞ்சிப் படகில்தான் போக வேண்டும். மாமி நேரே வந்து சொன்னாள்: "தாவூதே, உன் செட்டை ஏத்துனா வஞ்சி முங்கிப் போகும். சலாவுதீன் பெட்டி மதி, அது போதும் நமக்கு."

தாவூது சிரித்துவைத்தான்.

வஞ்சி கும்பளங்கிக் கரையில் ஒட்டியபோது, பெட்டியைத் தாவூதின் மடியில் வைத்துவிட்டு, வயதான பெண்களைக் கை பிடித்து இறக்கப் போனான் சலாவுதீன். செல்லைத் திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் செத்துப்போகும் என்று அவனே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். தாவூது சுற்றிலும் பார்த்தான். மூடியைத் திறந்தான். எல்லாச் செல்லையும் தலைகீழாகச் சொருகி மூடினான்.

பெண் வீட்டு வாசலில் மாமி மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். பெட்டி ஊமையாக இருந்தது. பெண் வீட்டார் பக்கம் சிரிப்பு எழுந்தது. தாவூதுக்கு உள்ளே தித்தித்தது. "விளையாட்டுச் சாமானை நம்பி வந்தா இப்படித்தான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான்.

சலாவுதீன் மூடியைத் திறந்தான். எல்லாச் செல்லும் தலைகீழாகக் கிடந்தன. தாவூதைப் பார்த்தான். அவன் பக்கத்தில் கலங்கி நின்ற அக்காவைப் பார்த்தான். செல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான்.

"அவசரத்துல நான்தான் செல்லை மாத்திப் போட்டிருக்கேன் மாமி. இப்ப பாடுங்க."

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் மாமியின் குரல் வாசலைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டிப் போயிற்று. எதிர்க்கரையில் சீனவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். பெண் வீட்டுக்காரர் ஒருவர், "கொள்ளாமல்லோ மோனே!" என்று மெச்சி சலாவுதீனைக் கட்டிக்கொண்டார். ஆளுக்கு ஆள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

திரும்பும்போது வஞ்சியில் தாவூது சலாவுதீன் அருகே போய் உட்கார்ந்தான். வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. "அது எரிஞ்சிருக்கணுமே?"

"ஒரு டயோடு போட்டிருக்கேன் மச்சான். செல்லு மாறிக் கிடந்தா கரண்டை உள்ளே விடாது. நானே எத்தனையோ வாட்டி தப்பாப் போட்டிருக்கேனே."

"இன்னைக்கு நீ போடல."

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"அக்கா நின்னுட்டிருந்தாளே மச்சான்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாவூது திருப்பிச் சண்டை போட்டிருப்பான்; மனசும் ஆறியிருக்கும். கைவேலையில்தான் இவன் நம்மை மிஞ்சினான் என்று நினைத்திருந்தோம், குணத்திலும் மிஞ்சிவிட்டானே என்று வயிறு இன்னும் எரிந்தது.

மறுநாள் சலாவுதீன் வேலைக்குப் போனதும் தாவூது மாடி ஏறினான். ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி, அந்த டயோடு எது, அது எப்படித் தடுக்கிறது என்று ஒவ்வோர் உறுப்பாகத் துழாவிப் பார்த்தான். வால்வு பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாம் அரிசி, உளுந்து மாதிரி தெரிந்தன. கேட்டால் அவன் உடனே சொல்லித் தருவான். அதனாலேயே கேட்க மனம் வரவில்லை.

"சாயா ஆறிப்போகுது, மேலே என்ன பண்றீங்க?" என்று கீழேயிருந்து லதீஃபா கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான். சொல்லிவிட்டு மறுபடி முதல் கம்பியிலிருந்து தேட ஆரம்பித்தான்.