மஞ்சள் கோடு உடைந்த எஞ்சின்

ஜிவானுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பஸ் நிலையத்துக் கடிகாரத்தை நம்பமாட்டார். தேன் வாங்க வருகிறவன் கொண்டுவரும் தராசை நம்பமாட்டார். ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால் வாசலுக்கு வந்து வானத்தை ஒரு தடவை தானே பார்த்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் வயதான காலத்தில் ஒரு பழைய வேனுக்கு மாற்று எஞ்சின் தேடி அலைய வேண்டி வந்தது.

வேன் தேன்பெட்டிகள் ஏற்றுகிற வேன். மே மாத நடுவில் மணற்காட்டில் அக்கேசியா மரங்கள் பூக்கும். பூத்தால் சில நாள்தான். அதற்குள் பெட்டிகளைக் கொண்டுபோய் மரத்தடியில் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் தேன் இல்லை, அவ்வளவுதான். மார்ச் மாதம் ஏற்றத்தில் போகும்போது பழைய எஞ்சின் நீலமாகப் புகையைக் கக்கிவிட்டு இறுகிப்போனது. அன்றிலிருந்து ஜிவான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார்.

முதலில் போய்ப் பார்த்த இடத்தில் எஞ்சின் வெள்ளியாட்டம் மின்னியது. ஜிவான் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் துரு. அடுத்த இடத்தில் ஒருவன், "இது ஜெர்மனியில ஒரு டீச்சரம்மா ஓட்டின வண்டியோட எஞ்சின் பெரியவரே, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தான் போயிருக்கு" என்றான்.

"அந்தம்மா ஸ்கூல் எங்க இருந்துச்சு, சைபீரியாவுலயா?" என்று கேட்டுவிட்டு ஜிவான் திரும்பிவிட்டார்.

கடைசியில் வெர்ஷாட்ஸ் ஊரில் ஸ்ரெடொயேவிடம் போய்ச் சேர்ந்தார். ஸ்ரெடொயே பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கடைந்து புதிதாகக் கட்டுகிறவன். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டான். கட்டி முடித்த எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து ஜிவானின் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினான். சத்தம் சீராக இருந்தது. பிறகு சின்னப் பிரஷ்ஷை எடுத்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறுக்குகிற ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். கோடு போல்ட்டின் தலையில் தொடங்கிப் பக்கத்து இரும்பில் முடிந்தது. போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும்.

"இது எதுக்கு?" என்றார் ஜிவான்.

"முத்திரை, மாமா. கோடு உடையாத வரைக்கும் எஞ்சினுக்கு நான் பொறுப்பு. உடைஞ்சா நீங்க பொறுப்பு."

வேன் வீட்டுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. ஏற்றத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. அதுதான் ஜிவானைக் குடைந்தது. காலையில் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்மையானவன் எதுக்குடி முத்திரை வைக்கிறான்?" என்றார் மனைவி கொசாராவிடம். "தெறந்து பாக்கக் கூடாதுன்னுதானே? உள்ள பழைய பிஸ்டனைப் போட்டு மூடியிருப்பான்."

"உங்களுக்கு ஒரு காரியம் நல்லபடியா நடந்துட்டா வயித்த வலிக்கும்" என்றாள் கொசாரா. "போங்க, போய்த் தெறந்து பாத்துட்டு வாங்க. இல்லன்னா என் உயிரை எடுப்பீங்க."

அவள் கோபத்தில் சொன்னாள். அவர் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன்கள் புதியவை. சிலிண்டர் சுவரில் கடைந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பளிச்சென்று இருந்தன. ஸ்ரெடொயே சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. திரும்ப மூடினார். கசியாமல் அடைக்க நடுவில் வைக்கிற தகடான ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். ஒரு தடவை நசுங்கியது இரண்டாம் தடவை அடைக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அது ஒரே ஒரு நாள் ஓடிய கேஸ்கெட். அதுவும் புதுசு போலத்தானே என்று சொல்லிக்கொண்டு அதையே வைத்து, கைக்கணக்கில் போல்ட்டுகளை இறுக்கினார்.

மிச்சம் இருந்தது மஞ்சள் கோடு. அதற்கு அவரிடம் வழி இருந்தது. ராணித் தேனீயைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்க அதன் முதுகில் ஒரு பொட்டு வைப்பார்கள். அந்தப் பெயிண்ட் சின்னக் குப்பியில் இருந்தது, அதுவும் மஞ்சள். உடைந்த கோடுகளைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் ராணிப் பெயிண்டால் வரைந்தார். கொஞ்சம் வெளிறிய மஞ்சள்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒரு வாரம் போகவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் விட்ட காப்பி நிறத்தில் ஏதோ அப்பிக்கிடந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது.

"நான் சொல்லல?" என்றார் ஜிவான். "எல்லாரும் திருட்டுப் பசங்க."

கேஸ்கெட் என்ற நினைப்பு மனதின் மூலையில் எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பேச விடவில்லை. எஞ்சினிலிருந்து அந்தக் கலங்கல் ஆயிலைப் பச்சை நிறப் பிராந்திப் பாட்டில் ஒன்றில் பிடித்து, தக்கை போட்டு, மேலங்கியில் கறை படாதபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்குப் புனிதர் ஜார்ஜ் திருநாள் என்று தெரியும். பட்டறை பூட்டியிருக்கும், ஆள் வீட்டில்தான் இருப்பான், தப்பிக்க முடியாது. வழி முழுக்கப் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அவர் வீட்டுக்குக் காவல் புனிதர் நிக்கோலாஸ். ஸ்ரெடொயேவின் வீட்டுக்கோ புனிதர் ஜார்ஜ். அன்றைக்கு அந்த வீட்டில் ஸ்லாவா, தங்கள் புனிதருக்கு வருஷம் ஒரு தடவை எடுக்கிற விருந்து.

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் எல்லாம் விருந்தாளி. ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. வாசலில் ஸ்ரெடொயேவின் மனைவி டெசாங்கா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து இடித்த கோதுமை ஒரு கரண்டி அவர் வாய்க்கு வந்தது. வாயில் கோதுமையோடு எப்படிச் சண்டை போடுவது? சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினார்.

"அவ்வளவு தூரத்துலேருந்து நம்ம புனிதர் நாளுக்கு வந்திருக்கீங்களே மாமா" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. "வெறுங்கையோட வந்தா போதாதா, இது வேறயா?"

அவர் கையிலிருந்த பாட்டிலை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் விடாமல் பிடித்தார். அவள் அதைக் கூச்சம் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தாள். பாட்டில் உள்ளே போய் மற்ற பரிசுப் பாட்டில்களோடு மேசையில் உட்கார்ந்தது.

ஜிவானையும் உட்கார வைத்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கறி வாசனை அறை முழுக்க. வீட்டுக்காரன் தன் புனிதர் நாளில் உட்காரக் கூடாது. ஸ்ரெடொயே நின்றபடியே எல்லாருக்கும் பரிமாறினான்.

"இவர் யார் தெரியுமா?" என்றான் ஸ்ரெடொயே மேசைக்கு. "ஜிவான் மாமா. சொந்த நிழலையே திரும்பிப் பாத்து நடக்கிற மனுஷன். அவரே எங்கிட்ட எஞ்சின் வாங்கினார்."

எல்லாரும் சிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ரொட்டிக்காரர் டிகோமிர். அவருடைய ரொட்டி வேனும் கடைசி மூச்சில் இருந்தது. "அப்ப உங்ககிட்டதான் கேக்கணும் பெரியவரே. எஞ்சின் எப்படி ஓடுது?" என்றார்.

மொத்த மேசையும் ஜிவானின் வாயைப் பார்த்தது.

"ஓடுது" என்றார் ஜிவான், தட்டைப் பார்த்துக்கொண்டு. அவருடைய கண் பாட்டில் மேலேயே இருந்தது. எப்படியாவது அதை மேலங்கிக்குள் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்துக் கோப்பையை நிரப்பினார்கள்.

"தேனீக்காரர் கொண்டுவந்த பாட்டில் எங்க?" என்றார் டிகோமிர். "தேன் போட்ட பிராந்தியாத்தான் இருக்கும். எடுங்க."

"அது வேண்டாம்" என்றார் ஜிவான். "அது இன்னும் பக்குவமாகல."

"பக்குவமாகாததயா புனிதருக்குக் கொண்டுவந்தீங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் டிகோமிர் தக்கையைப் பிடுங்கிவிட்டார். கண்ணாடிக் கோப்பையில் அது கொழகொழவென்று இறங்கியது. காப்பி நிறம். டெசாங்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரெடொயே கோப்பையை எடுத்து முகர்ந்தான். விரலில் தொட்டுத் தேய்த்தான்.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு" என்றான் மெதுவாக. "ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கு. தப்பு என் கையிலதான் நடந்திருக்கும்." பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னான்: "பாருங்க, மாமா இதைச் சொல்லத்தான் வந்திருக்கார். இன்னிக்கு எங்க வீட்டு நல்ல நாள்னு தெரிஞ்சதும் வாயே தெறக்கல. எனக்கு மானக்கேடு வரக் கூடாதுன்னு எஞ்சின் ஓடுதுன்னுட்டார். நாளைக்கு நானே வந்து சரி பண்ணிடறேன் மாமா."

டிகோமிர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவரலாம்னு இருந்தேன்" என்றார். "சரி. அப்புறம் பாக்கலாம்."

ஸ்ரெடொயேவின் காது சிவந்தது. தன் வீட்டில், தன் புனிதரின் மெழுகுவர்த்திக்கு முன்னால், கையில் பரிமாறும் கரண்டியோடு அப்படியே நின்றான்.

ஜிவான் சும்மா இருந்தால் போதும். புதுக் கேஸ்கெட் வரும், வேன் ஓடும், பெட்டிகள் மணற்காட்டுக்குப் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. இதைவிட நல்லபடியாக எந்தக் காரியமும் அவருக்கு நடந்ததில்லை. வாயில் கோதுமையின் இனிப்பு இன்னும் இருந்தது.

"நான் தெறந்தேன்" என்றார்.

"என்ன மாமா?"

"ஹெட்டை நான் கழட்டினேன். அதே கேஸ்கெட்டை வச்சு மூடினேன். கோடு உடைஞ்சுது. மேல பெயிண்டும் நானே அடிச்சேன். இவன் கையில தப்பில்ல."

"எதுக்குக் கழட்டினீங்க?" என்றார் டிகோமிர்.

"பிஸ்டன் புதுசான்னு பாக்க."

"புதுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஓரத்திலிருந்து ஒருவன் குபீரென்று சிரித்தான். பிறகு மேசையே சிரித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார், ஜிவானுக்கு அது வரும். சிரிப்புக்குப் பதில் தெரியவில்லை. ஸ்ரெடொயே சிரிக்கவில்லை. அவன் ஜிவானின் தட்டில் ஒரு பெரிய கறித்துண்டை வைத்தான்.

"சாப்பிடுங்க மாமா. ஆறிப்போகுது."

அவர் சாப்பிட்டார். விருந்தாளி தட்டை விட்டு எழுந்து ஓட முடியாது. ஒவ்வொரு துண்டையும் மென்று விழுங்கினார். புறப்படும்போது டெசாங்கா அந்தப் பச்சைப் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். சுத்தமாகக் கழுவியிருந்தாள். உள்ளே அவர்கள் வீட்டுப் பிளம் பிராந்தி, தக்கை வரைக்கும்.

"காலிப் பாட்டிலோட அனுப்பக் கூடாதுல்ல" என்றாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கொசாரா பாட்டிலைப் பார்த்துவிட்டு, "என்ன, சண்டையில ஜெயிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

மறுநாள் ஸ்ரெடொயே கேஸ்கெட்டோடு வந்தான். எஞ்சின் மேல் குனிந்து வெளிறிய மஞ்சள் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ராணிக்கு வைக்கிற பெயிண்டா?"

"ஆமா."

"நல்லவேளை, எஞ்சின் முட்டை போடல."

சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். அவன் கேட்ட ஸ்பானர்களை ஜிவான் எடுத்துக் கொடுத்தார், கைகளைத் துடைக்கத் துணி கொடுத்தார், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கலங்கல் ஆயிலை வடித்துக் கொட்டினான், புது ஆயிலை ஊற்றினான். முடிந்ததும் ஸ்ரெடொயே தன் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு போல்ட்டின் மேலும் கோடு இழுத்தான். கடைசி ஒன்றில் மட்டும் இழுக்கவில்லை. பெயிண்டை மூடிவிட்டான்.

"அது?" என்றார் ஜிவான்.

"அது உங்களுக்கு மாமா. சந்தேகம் வந்தா அதுலேருந்து ஆரம்பிங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால்தான் அது ஜிவானுக்கு வலித்தது.

அக்கேசியா பூத்தது. வேன் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மணற்காட்டு வழியில் ஒரு தடவைகூட நிற்காமல் போனது. மரங்களில் பூக்கள் வெள்ளையாகத் தொங்கின, தேனீக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. ஆயில் பார்க்க ஜிவான் எஞ்சின் மூடியைத் தூக்கினார். கோடு இல்லாத அந்த ஒரு போல்ட் தனியாகத் தெரிந்தது. சட்டைப்பையில் ராணிப் பெயிண்ட் குப்பி இருந்தது. கை அதன் மேல் போனது, திறக்கவில்லை.

அந்த நேரத்தில் ரொட்டி வேன் ஒன்று சாலையில் போனது. டிகோமிர். எஞ்சின் சத்தம் புதுசு, ஸ்ரெடொயே கட்டின எஞ்சின் போலச் சீராக இருந்தது. அவர் கையை வெளியே நீட்டி ஹாரன் அடித்தார்.

ஜிவான் தலையை எஞ்சினுக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.