தாளிச்சா வந்த கிண்ணம்

முத்துமீனாவின் வீட்டுக்கு எந்தப் பாத்திரம் வந்தாலும் அதற்கு இரண்டே கதிதான். ஒன்று, அடுக்களை அலமாரியில் ஏறும். இல்லையென்றால் அடியில் ஓட்டை விழுந்து செடித் தொட்டியாக மொட்டை மாடிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி விற்கிற நல்லகாமனுக்கு அவளைப் போல இன்னொரு வாடிக்கை கிடையாது. காது உடைந்த பீங்கான் கோப்பை, பூப்போட்ட சாஸர், விளிம்பு நெளிந்த எனாமல் தட்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு என்று எதைக் கண்டாலும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். புதுசு வாங்குவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது, கடைக்காரன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்பது அவள் கட்சி.

ஆரப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறவள் அவள். புருஷன் அழகுபாண்டிக்கு வயரிங் வேலை. ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாடியில் பெயிண்ட் வாளியில் கத்தரி, மீன் வந்த தெர்மக்கோல் பெட்டியில் அரைக்கீரை, அரிசிச் சாக்கில் இஞ்சி, கைப்பிடி போன குக்கரில் புதினா. காலையில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் ரோஜாப்பூ போட்ட ஒரு கோப்பையில், அதற்குச் சம்பந்தமே இல்லாத சாஸரோடு, டீயை வைத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் உட்காருவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் மிஷினை மிதிக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

அந்த மாடியில் ஓர் ஏற்பாடு உண்டு. துவைக்கிற கல் மேல் ஒரு பாத்திரம் கவிழ்ந்து கிடந்தால் அது ஓட்டை போட வேண்டிய பாத்திரம். அழகுபாண்டி வேலை முடிந்து வந்ததும் டிரில்லிங் மிஷினோடு மேலே போவான், கல்லில் கிடப்பதற்கு ஓட்டை போடுவான், இறங்கி வந்து சோறு கேட்பான். எதற்கு, ஏன் என்று விசாரிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. விசாரித்து வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் நினைவில் இருந்தன.

ஹாஜரா பின்வீட்டுக்காரி, முத்துமீனாவைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை, வாசல்கள் வேறு வேறு தெருவில். மாடியில் மட்டும் இடையில் இடுப்பு உயரச் சுவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் துணி காயப்போட வந்தவள், குக்கரில் தழைத்திருந்த புதினாவைப் பார்த்து ஒரு கைப்பிடி கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமையே சுவர் மேல் ஒரு கிண்ணம் நிறைய சேமியா பாயசம் வந்தது. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா, முத்துமீனா கத்தரிக்காயை நிரப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து கிண்ணம் வருவதும் போவதுமாகவே இருந்தது. தம்ரூட் என்கிற ரவை இனிப்பு வரும், கீரை போகும். தேங்காய்ப்பால் வட்டலப்பம் வரும், பச்சை மிளகாய் போகும். ஆனால் ஒருத்தி வீட்டுக்குள் இன்னொருத்தி போனதில்லை. எல்லாம் சுவரோடு சரி.

கிண்ணம் வெள்ளை எனாமல். நீல விளிம்பு, உள்ளே சுற்றிப் பச்சை இலை. முதல் தடவை பார்த்தபோதே முத்துமீனாவுக்குக் கை பரபரத்தது.

"இந்த மாதிரி இப்ப எங்கயும் கெடைக்காதுக்கா. எனக்கு வித்துருங்களேன்" என்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள்.

ஹாஜரா சிரித்தாள். "எங்க அத்தா என் கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்தது. ஆறு இருந்துச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். ஒனக்கு மட்டுந்தான் இதுல குடுக்குறேன்."

இப்படி இருக்கையில், சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கிண்ணத்தில் இனிப்புக்குப் பதிலாகத் தாளிச்சா வந்தது. பருப்பில் மாங்காயும் கத்தரிக்காயும் போட்டு, ஆட்டு எலும்பும் கறியுமாக மணந்தது. புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள். அழகுபாண்டி எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சிய சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

தொல்லை அதற்குப் பிறகுதான். வெயில் அந்த வருஷம் மாடியில் கால் வைக்க விடவில்லை. கத்தரி பூத்ததெல்லாம் உதிர்ந்தது, கீரை கருகியது. புதினா கூடக் குச்சியாக நின்றது. ஒரு கைச் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்திருக்கலாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முத்துமீனாவுக்கு வீம்பு. கடைச் சாமானைப் போட்டுக் கொடுப்பதற்கு நான் எதற்கு இம்புட்டுத் தொட்டி வைத்திருக்கிறேன் என்று இன்றைக்கு நாளைக்கென்று தள்ளினாள். கட்டைவிரல் அளவில் இரண்டு கத்தரிக்காய் மட்டும் தப்பி நின்றன. அவை பெருக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஒரு நாள் அலமாரியில் கிடந்த கிண்ணத்தில் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, மாடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஈரம் வடியட்டும் என்று துவைக்கிற கல் மேல் கவிழ்த்து வைத்தாள். கீழே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஆள் வந்து கூப்பிட்டது. இறங்கியவள் அளவெடுப்பதிலும் பேச்சிலும் கிண்ணத்தை மறந்தாள். அன்றைக்கென்று அழகுபாண்டிக்கு வேலை சீக்கிரம் முடிந்திருந்தது.

"ஏங்க, கல்லு மேல கெடந்த கிண்ணம் எங்க?"

"ஓட்டை போட்டுச் செடிப்பக்கம் வச்சிருக்கேன். நல்ல கனம்த்தா. டிரில் பிட்டே மழுங்கிப் போச்சு."

முத்துமீனா மேலே ஓடினாள். கிண்ணத்தின் நடுவில் விரல் போகிற அளவு ஓட்டை. சுற்றிலும் எனாமல் தெறித்துக் கறுப்பாக இரும்பு தெரிந்தது. அழகுபாண்டி பின்னாலேயே வந்து நின்றான்.

"அது ஹாஜராக்கா கிண்ணம்" என்றாள்.

"நீ கவுத்தி வச்சிருந்தியே."

கவிழ்த்தது அவள், ஏற்பாடும் அவளுடையது. திட்ட ஆள் கிடைக்காத கோபம் பொல்லாதது, இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. எம்சீல் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று அவன் சொன்னபோது மட்டும், "அதுல யாரு சோறு திங்கிறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அவள் செய்தது இன்னும் மோசம். விடியுமுன்பே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிடுவாள். டீ அடுக்களையில் நின்றபடியே முடிந்தது. ஒரு நாள் கொஞ்சம் பிந்திவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜராவின் குரல், "மீனா" என்றது. நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை, பெயிண்ட் வாளிகளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு ஹாஜரா போய்விட்டாள். அதன் பிறகு கூப்பிடவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் மணம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

கிண்ணத்தைச் சுருட்டிக்கொண்டாள் என்றுதான் ஹாஜரா நினைப்பாள், விலைக்குக் கேட்டவள்தானே நான் என்று முத்துமீனா புழுங்கினாள். மகள் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து சாப்பிட்டியா என்று அவளைக் கேட்கிற ஒரே வாய் ஹாஜராவுடையது. அதுவும் போய்விடுமோ என்று பயந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். உங்கள் அத்தா கொடுத்ததை ஓட்டை போட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்லகாமனிடம் போய் நின்றாள். "நீல விளிம்பு, உள்ள பச்ச இலண்ணே. பாத்தா எடுத்து வைங்க." அவரும் தேடினார். கடைசியில் சிவப்பு விளிம்பில் ஒன்றை நீட்டினார். "ரெண்டுலயும் சோறு ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றார். அவள் வாங்கவில்லை.

வைகாசி பாதியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. செடிகளுக்கு என்ன தெரியும், அவை பாட்டுக்குத் துளிர்த்தன. ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை கத்தரியில் ஒரு கிண்ணத்துக்குக் காணும் அளவு காய் நின்றது. முத்துமீனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காய் இல்லை என்று இத்தனை நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சாக்கும் போய்விட்டது. பறித்துக் கூடையில் போட்டு, மேலே கிண்ணத்தை வைத்தாள். சுவர் வழியாக நீட்டுகிற விஷயம் இல்லை இது.

"நானும் வாரேன், ஓட்டை போட்டது நான்தானே" என்றான் அழகுபாண்டி.

"நீங்க வந்தா பேச்சு வேற பக்கம் போகும். இருங்க, போயிட்டு வாரேன்."

மாடியில் கை நீட்டினால் தொடுகிற வீட்டுக்குத் தெரு வழியாகப் போக மெயின் ரோட்டுக்கு வந்து, மெடிக்கல் கடைப் பக்கம் திரும்பி, இரண்டு பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. ஹாஜரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே திறந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "வா" என்றாள், அவ்வளவுதான்.

முத்துமீனா படியில் நின்றபடியே எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். கல்லையும் கவிழ்த்ததையும் டிரில்லிங் மிஷினையும், வாளிக்குப் பின்னால் ஒளிந்ததையும்கூட. கடைசியில் கிண்ணத்தை நீட்டினாள். ஹாஜரா அதை வாங்கி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

"ஒங்க கல்யாணக் கிண்ணம்க்கா."

"கெடக்குது கிண்ணம்." ஹாஜரா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மூணு வருசமா இனிப்பாவே குடுத்தேன். எங்க வீட்டுக் கறி ஒங்களுக்குச் சேருமா சேராதான்னு தெரியல, கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் துணிஞ்சு கறி போட்டு அனுப்புனேன். அதோட கிண்ணமும் வரல, நீயும் வரல. கூப்பிட்டா குனிஞ்சுக்குற. கொட்டிட்டாங்கன்னு நெனச்சேன், மீனா. எங்க வீட்ல அவருகிட்டகூடச் சொல்லல."

திருடி என்று நினைப்பாளே என்று தான் பயந்தது எவ்வளவு அற்பமான பயம் என்று முத்துமீனாவுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷியை இரண்டு மாதமாக இப்படி நினைக்க விட்டோமே என்று அழுகை முட்டியது.

"கொட்டுறதா? எங்க வீட்டுக்காரர் எலும்பைக்கூட விடலக்கா. எனக்கு ரெண்டே துண்டுதான் கெடச்சுச்சு" என்றாள்.

ஹாஜரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது நிஜம்தானா என்று பார்க்கிற பார்வை. பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதுல இனிமே தாளிச்சா அனுப்ப முடியாது, ஒழுகிரும். உள்ள வா. இங்கயே சாப்புடு."

அடுக்களையில் பாய் விரித்து உட்கார வைத்தாள். நெய்ச்சோற்றின் மேல் தாளிச்சாவை ஊற்றி, சட்டியைத் துழாவிக் கறித்துண்டுகளாகப் பார்த்து எடுத்து வைத்தாள். முத்துமீனா பாதி சாப்பிட்டிருக்கையில் போன் அடித்தது. அழகுபாண்டி.

"என்னாச்சு? ரொம்பத் திட்டுறாங்களா?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

ஹாஜரா அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து, தண்ணீரில் அலசி, பாயில் வைத்தாள்.

"மெடிக்கல் கடைப் பக்கம் திரும்புங்க" என்றாள் முத்துமீனா போனில். "மூணாவது வீடு, பச்சைக் கதவு. வெரசா வாங்க, ஆறிரும்."